ஆள் ஒரு மாநிலம், வரி ஒரு மாநிலம்

(ஏற்காடு மலையிலுள்ள கரடியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரியைப் பற்றிப் பேசச் சொல்லி மலைமேல் ஒருவரை அழைப்பது அபூர்வம். அழைத்ததோடு நில்லாமல், அறக்கட்டளைக் குழுவினர் தலைப்பையும் தாங்களே கொடுத்துவிட்டார்கள். ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்தில் போய்க் குடியேறிய ஒருவர் எந்த மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

கீழே சேலத்தில் ஒரு தணிக்கையாளரிடம் இதைக் கேட்டால், "அப்படி ஒரு கேள்வியே நம்ம ஊர்ல கிடையாதுங்க" என்பார். சேலத்தில் சம்பளம் வாங்கினாலும் பெங்களூரில் வாங்கினாலும் வருமான வரி மத்திய அரசுக்குத்தான் போகிறது. விகிதமும் ஒன்றே. ஆண்டின் நடுவில் ஓசூர் சோதனைச்சாவடியைத் தாண்டி வீடு மாற்றினால் படிவத்தில் முகவரி மாறும், வரி மாறாது. அவர் சொல்வதில் முக்கால் பங்கு சரி. மீதமுள்ள கால் பங்கைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். அந்தக் கால் பங்கு இந்த மலையில் தெரிவது போல வேறு எங்கும் அவ்வளவு துலக்கமாகத் தெரியாது.

முதலில் இந்தக் கேள்வி உண்மையிலேயே வீட்டுக்கு வீடு எழும் நாட்டுக்குப் போய் வருவோம். அமெரிக்காவில் மத்திய அரசு ஒரு வருமான வரி வாங்குகிறது, பெரும்பாலான மாநிலங்கள் தனியாக இன்னொன்று வாங்குகின்றன. டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. கலிபோர்னியாவிலோ மேல்படியில் 13.3 சதவீதம் வரை போகிறது. நம் பிள்ளைகள் பலர் கணினி வேலையில் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாசுக்கு மாறுவதில் வீட்டு விலையோடு இந்த வரிக்கும் பங்கு உண்டு. ஆனால் போய்விட்டேன் என்று சொன்னால் மட்டும் கலிபோர்னியா விட்டுவிடாது. மனைவி மக்கள் எங்கே, ஓட்டுரிமை எங்கே, ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலத்தது, மருத்துவர் எந்த ஊரில் என்று துருவும். ஓராண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவரை, மாற்றாக அவரே நிரூபிக்காத வரை, கலிபோர்னியாவாசி என்றே எடுத்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்த பங்குகள் டெக்சாஸ் போன பிறகு கைக்கு வந்தாலும், அவற்றைச் சம்பாதித்த காலத்தில் எத்தனை நாள் கலிபோர்னியாவில் உழைத்தார் என்று கணக்குப் பார்த்து அந்த அளவுக்கு வரி கேட்கும்.

நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. ஜான் கெய்ட் என்பவர் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் குடியிருந்தார். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வண்டி பழுதுபார்க்கும் கடை நடத்தினார். கடைக்குப் பக்கத்திலேயே ஒரு குடியிருப்புக் கட்டடம் வாங்கி, அதில் ஒரு வீட்டில் தன் வயதான பெற்றோரை வைத்திருந்தார். நியூயார்க் சட்டப்படி அங்கே நிலையான வீடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஆண்டில் 183 நாளுக்கு மேல் அந்த மாநிலத்துக்குள் கால் வைத்தால் அவர் நியூயார்க்வாசி. தினமும் கடைக்கு வந்ததால் நாள் கணக்கு கூடிவிட்டது. பெற்றோர் இருந்த வீட்டை அவருடைய நிலையான வீடு என்றது வரித்துறை. அம்மா அப்பாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்தவனை அங்கேயே குடியிருப்பவனாக்கிய இந்த வாதம், மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் 2014-இல்தான் தோற்றது. அந்த வீட்டில் அவர் வசித்திருக்க வேண்டும், சொந்தமாக வைத்திருந்தால் மட்டும் போதாது என்றது மன்றம்.

கெய்ட் தப்பினார். கேம்பெல் சூப் நிறுவனத்தின் ஜான் டோரன்ஸ் குடும்பம் தப்பவில்லை. 1930-இல் அவர் இறந்தபோது நியூஜெர்சியில் ஒரு வீடு, பென்சில்வேனியாவில் ஒரு வீடு. அவர் எங்கள் ஊர்க்காரர்தான் என்று இரண்டு மாநில நீதிமன்றங்களும் தனித்தனியே தீர்ப்பெழுதின. இரண்டு மாநிலங்களும் சொத்து மீது வரி வாங்கின. நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. இறந்தவர் இரண்டு இடத்தில் நிரந்தரமாக வாழ்ந்திருக்கிறார் என்று ஒரு நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டது விசித்திரந்தான்.

கனடாவில் இந்தத் தலைவலி குறைவு. டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாகாணத்து விகிதமே முழு ஆண்டுக்கும். டொரண்டோவிலிருந்து நவம்பரில் அல்பெர்ட்டாவுக்குப் போன தமிழருக்கு ஆண்டு முழுவதும் அல்பெர்ட்டாவில் இருந்தது போலவே கணக்கு. சுவிட்சர்லாந்தின் மாநிலங்களிலும் ஆண்டுக் கடைசி நாள்தான் அளவு.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் மாநிலங்கள் வருமான வரியே போடுவதில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அரசமைப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 82-ஆவது இனம், வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின் மீதான வரியை மத்திய அரசுக்குத் தருகிறது. மாநிலப் பட்டியலின் 46-ஆவது இனம், வேளாண் வருமானத்தின் மீதான வரியை மாநிலங்களுக்குத் தருகிறது. இந்தப் பிரிவினை 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பு, 1860-இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த முதல் வருமான வரி நிலத்து வருமானத்தையும் தொட்டது. நிலவரியும் கட்டி வருமான வரியும் கட்டுவதா என்ற எதிர்ப்பு ஓயவில்லை. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் வருமானத்தை ஒதுக்கி வைத்தது. அப்படி மிச்சம் வைத்த துண்டை மாகாணங்கள் பின்னாளில் எடுத்துக்கொண்டன. 1938-இல் பீகார் முதலில் போட்டது. சென்னை மாநிலம் 1955-இல்தான் வந்தது. வந்ததும் அது கைவைத்தது நெல் வயலின் மீதல்ல, மலைத் தோட்டங்களின் மீது. அந்தச் சட்டத்தின் முதல் பெயரிலேயே தோட்டம் என்ற சொல் இருந்தது. காப்பி, தேயிலை, ரப்பர், ஏலம் இவையே அதன் குறி.

அதனால்தான் ஏற்காட்டில் நின்று பேசினால் இந்தக் கேள்விக்கு உயிர் வருகிறது என்கிறேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, இந்த மலையின் பெரிய தோட்டக்காரர் பலர் இந்த மலையில் வாழ்ந்தவர்கள் அல்ல. துரைமார் காலத்தில் சிலர் கப்பலேறிப் போனார்கள். பிறகு வந்தவர்களில் சேலத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் வீடு வைத்துக்கொண்டு, பழம் பறிக்கிற காலத்தில் மட்டும் மேலே வந்து கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. இப்படி ஒருவர் குடும்பத்தோடு பெங்களூரில் போய்த் தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஏற்காட்டுத் தோட்டத்து வருமானத்துக்கு வரி கேட்டது எது? 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், தமிழ்நாடு. அவர் எங்கே தூங்குகிறார் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. தோட்டம் எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறது என்று மட்டுமே கேட்டது. அதே ஆளுக்குக் குடகிலும் ஒரு தோட்டம் இருந்தால், அந்த வருமானத்துக்குக் கர்நாடகம் தன் சட்டப்படி கேட்டது. ஒரு மாநிலத்துக் கணக்கில் மற்ற மாநிலத்துத் தோட்டம் சேராது. படிப்படியாக ஏறும் வரி விகிதத்தில், ஒரே மலையில் நூறு ஏக்கர் வைத்திருப்பவரைவிட இரண்டு மாநிலத்தில் ஐம்பது ஐம்பதாக வைத்திருப்பவர் இரண்டிலும் கீழ்ப்படியில் நிற்கலாம். ஆள் மாநிலம் மாறி மிச்சம் பிடிக்க முடியாது, நிலத்தைப் பிரித்து வாங்கினால் முடியும். பணமுள்ளவருக்கு இந்த வசதி எப்போதும் இருந்திருக்கிறது.

காப்பியில் இன்னொரு நுட்பமும் உண்டு. செடியிலிருந்து பறித்த பழத்தை அப்படியே விற்றால் அது முழுக்க வேளாண் வருமானம், டெல்லிக்கு அதில் பங்கில்லை. தோட்டக்காரரே கொட்டையைப் பதப்படுத்தி விற்றால், 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 7-பி என்று எண்ணிட்டிருந்த விதிப்படி, வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானமாகி மத்திய வரிக்குள் வரும். வறுத்து அரைத்தும் விற்றால், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், 40 சதவீதம் வரும். எஞ்சியது வேளாண் வருமானம். ஒரே காப்பிக்கொட்டை ஆலைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அதன் கால் பங்கு மாநிலத்தின் கையிலிருந்து மத்திய அரசின் கைக்குப் போய்விடுகிறது. மனிதர் மாநிலம் மாறினால் வராத மாற்றம், கொட்டை பக்குவம் மாறினால் வருகிறது. கரடியூரில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகக் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. பழமாகவோ, வெயிலில் காயவைத்தோ வியாபாரியிடம் போட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய சிக்கல் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆள் எங்கே வசிக்கிறார் என்ற கேள்வி நம் நாட்டு வருமான வரியில் என்றுமே இருந்ததில்லையா? இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியா ஒரே வரி நிலமாக இருக்கவில்லை. சேலத்துக்கு வடக்கே மைசூர் சமஸ்தானம், தெற்கே புதுக்கோட்டைச் சமஸ்தானம். 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் ஒரு சலுகை இருந்தது. சமஸ்தானத்தில் சம்பாதித்த பணத்தை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவராத வரை அதற்கு இங்கே வரி இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டுக்கு அந்தப் புறம் பணத்தை வைத்திருப்பது அன்றைக்கு வரித் திட்டமிடல். 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது, 1950 ஏப்ரலில் மைசூர் போன்ற பெரிய சமஸ்தானங்களும் ஒரே வருமான வரிக்குள் வந்தன. அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் மண்ணில் 'வசிப்பிடம்' குறித்து நடந்த வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுப்பையா செட்டியார் என்பவர் ஓர் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா. மனைவி மக்களோடு இலங்கையில் வாழ்ந்தார், கொழும்பில் வியாபாரம் நடத்தினார். இங்கே பூர்வீக வீடு, நிலம், முதலீடுகள் இருந்தன. 1941-42 கணக்காண்டில் அவர் ஏழு முறை கப்பலேறி வந்து, மொத்தம் 101 நாள் பிரிட்டிஷ் இந்தியாவில் தங்கினார். எதற்காக வந்தார்? குடும்ப நிலத்தைப் பற்றிய வழக்குகளைப் பார்த்துக்கொள்ளவும், வருமான வரி விசாரணைக்கு முகம் கொடுக்கவும். வருமான வரி அலுவலர் அந்த 101 நாளையே எடுத்துக்கொண்டார். கூட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் முழுக்க முழுக்க வெளியே நடந்தால்தான் அது வெளிநாட்டுக் குடும்பம், இவர் இங்கே உட்கார்ந்து காரியம் பார்த்திருக்கிறார், எனவே குடும்பம் இங்கே வசிப்பதுதான் என்றார். கொழும்பிலிருந்துதான் நிர்வாகம் நடந்தது என்று காட்டும் கடிதப் போக்குவரத்தைக் கொண்டுவரச் சொன்னார். கடிதங்கள் வரவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1951-ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. சட்டம் முதலில் குடும்பத்தை உள்நாட்டதாகவே எடுத்துக்கொள்ளும், முழுக்க வெளியே இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வரி கட்டுபவருடையது, அவர் காட்டவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செட்டியார் தோற்றார். வரி அலுவலகம் கூப்பிட்டதால் வந்த நாள்களும் அவர் கணக்கில் எதிராக விழுந்தன. இன்றைக்கு நியூயார்க்கில் கைப்பேசிப் பதிவுகளையும் விமானச் சீட்டுகளையும் வைத்து நாள் எண்ணுகிறார்களே, அந்த வேலையை நம்மவர்கள் கப்பல் காலத்திலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். இந்த நாட்டில் 'இத்தனை நாள் இங்கே இருந்தால் இந்த ஊருக்கு வரி' என்று சொன்ன சட்டம் ஒன்று நம் ஊராட்சி, நகராட்சி அலுவலகத்திலேயே இருந்தது. தொழில் வரி. 1920-ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 93-ஆவது பிரிவு, அரையாண்டில் மொத்தம் 60 நாளுக்குக் குறையாமல் நகராட்சிக்குள் தொழிலோ உத்தியோகமோ பார்ப்பவர் வரி கட்ட வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. வேலை நகராட்சிக்கு வெளியே இருந்தாலும் 60 நாள் உள்ளே குடியிருந்தால் கட்ட வேண்டும். ஓய்வூதியக்காரர் 60 நாள் குடியிருந்தாலும் கட்ட வேண்டும். அமெரிக்காவின் 183 நாளுக்கு நம் பதில் 60 நாள். தொகை சிறியது என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொகை சிறியதாக இருக்கக் காரணம் அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு. ஒருவரிடம் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்றிருந்ததை 1988-இல் 60-ஆவது திருத்தம் 2,500 ஆக்கியது. அன்றிலிருந்து அந்த எண் அசையவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் இதை அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன. கர்நாடகத்தில் மாநில அரசே மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கச் சொல்கிறது. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஆகஸ்டில் வேலை மாறிப் போனவரின் சம்பளச் சீட்டில் இரண்டு ஊர் வரியும் ஒரே ஆண்டில் தெரியும். அந்தச் சீட்டில் மாநிலம் மாறியதற்கு நேரான வரி அடையாளம் அது ஒன்றுதான். தொகை இருநூறு, ஆயிரம் என்று இருப்பதால் அவரும் தணிக்கையாளரும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

வண்டி வைத்திருப்பவர் சிரிக்க மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வாழ்நாள் வரியை முதல் மாநிலத்தில் கட்டியிருப்பார், புது மாநிலம் மறுபடி கேட்கும், பழைய மாநிலத்திடம் மீதியைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும். 2014-இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் ஓடினாலே வாழ்நாள் வரி என்றது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது பெரிய இடி. 2016-இல் அந்த மாநில உயர் நீதிமன்றமே அதை ரத்து செய்தது. 2021-இல் வந்த 'பிஎச்' வரிசை எண், அரசு ஊழியருக்கும் நான்கு மாநிலத்திலோ அதற்கு மேலோ கிளை உள்ள கம்பெனி ஊழியருக்கும் வழி செய்தது. இடம் மாறுவதே வேலையாகிவிட்ட பெரிய கம்பெனிக்காரருக்குச் சட்டம் வளைந்துகொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒருவர் எந்த மாநிலத்தவர் என்பதற்கு நம் அரசமைப்பில் பொருளே இல்லை என்று 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியருக்கு நிரந்தர வாழிடம் ஒன்றே, அது இந்தியா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1955-லேயே, இந்தூர் மருத்துவக் கல்லூரியில் வெளிமாநில மாணவனிடம் மட்டும் தலைக்கட்டணம் வாங்கலாம் என்று அதே நீதிமன்றம் அனுமதித்திருந்தது. வரியில் இல்லாத எல்லைக்கோடு கட்டணத்தில், சான்றிதழில், இடஒதுக்கீட்டில் இருக்கிறது.

இப்போது கரடியூருக்கு வருகிறேன்.

இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் தங்களைக் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு, மூத்தவன் சேர்வராயன் மலைக்கும், நடுவன் பச்சைமலைக்கும், இளையவன் கொல்லிமலைக்கும் போனதாகக் கதை. குடிபெயர்வையே தோற்றக் கதையாக வைத்திருக்கும் மக்கள். இன்றும் இங்கிருந்து மிளகு பறிக்கவும் காப்பி பறிக்கவும் கேரளத்துக்கும் குடகுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் மாநிலம் விட்டுப் போகும்போது வரிப்பணம் என்ன ஆகிறது, அவர்கள் நிலை என்ன ஆகிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வரி அவர்கள் கூடவே போகிறது. 2017-இல் வந்த ஜிஎஸ்டி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் பங்கு தரும் வரி. குடகில் பழம் பறிக்கும் கரடியூர்ப் பெண் மடிக்கேரிக் கடையில் பற்பசை வாங்கினால், அதன் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்கு. வருமான வரியே கட்டாத கூலித் தொழிலாளி இந்த வகையில் தினமும் தான் இருக்கும் மாநிலத்துக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறார். வசிப்பிடத்தை நாள் எண்ணி நிரூபிக்கச் சொல்லி அவரை யாரும் கேட்பதில்லை. வாங்குவதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

நிலை அவர்கள் கூடப் போவதில்லை. பழங்குடி என்ற தகுதி பட்டியலில் மாநிலவாரியாக எழுதப்பட்டிருக்கிறது. 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத் தெளிவாக்கியது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு பையன், தந்தையின் வேலை மாறியதால் ஒன்பது வயதில் மகாராஷ்டிரம் போனான். வளர்ந்து மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டபோது, அவன் ஆந்திரத்தில் மட்டுமே பழங்குடி என்று சொல்லப்பட்டது.

வருமான வரியிலும் இதற்கு ஓர் உருவம் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10(26) என்று எண்ணிட்டிருந்த விலக்கு, நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, அருணாசலம், லடாக் மற்றும் ஆறாவது அட்டவணைப் பகுதிகளில் வாழும் பழங்குடியினர் அங்கேயே சம்பாதிக்கும் வருமானத்துக்கு முழு வரி விலக்கு தருகிறது. கோஹிமாவில் கணக்கராக இருக்கும் நாகா பெண்ணுக்கு வரியில்லை. அவரே சென்னைக்கு மாற்றலாகி வந்து இங்கே சம்பளம் வாங்கினால் வரி உண்டு. நம் தணிக்கையாளர் இல்லவே இல்லை என்ற கேள்வி இங்கே முழு உருவில் நிற்கிறது. இந்தியாவில் மாநிலம் மாறினால் வருமான வரி மாறும், நீங்கள் யார் என்பதைப் பொறுத்து. சிக்கிமில் இதைவிடக் கூர்மை. 2008-இல் கொண்டுவந்த விலக்கில், சிக்கிம் பெண் வெளியாளை மணந்தால் விலக்கு போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். சிக்கிம் ஆணுக்கு அந்த நிபந்தனை இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சேர்வராயன் மலைப் பழங்குடிக்கு இந்த விலக்கு எந்த நாளும் இருந்ததில்லை, தமிழ்நாடு அந்த வரைபடத்திலேயே இல்லை.

மாநில எல்லையை விடுங்கள். மலையாளிக்கு மாவட்ட எல்லையே தடையாக நிற்கிறது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து 1979-இல் பிரிந்த ஈரோடும் இல்லை. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்த மலையாளிக்குப் பழங்குடிச் சான்று கிடைப்பதில்லை. பேச்சு, சாமி, சொந்தபந்தம் எதைப் பார்த்தாலும் இந்த மலைக்காரர்தான் அவர். 1976-இல் நாடாளுமன்றம் பட்டியலைத் திருத்தியபோது ஒரே மாநிலத்துக்குள் இருந்த இத்தகைய வட்டார வேலிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. மலையாளிக்குப் போட்ட வேலி அப்படியே நின்றுவிட்டது.

தோட்ட முதலாளி பெங்களூருக்குப் போனபோது, அவருடைய தோட்டத்தின் தகுதி ஒரு அணுவும் குறையவில்லை. பட்டா, வங்கிக் கடன், காப்பி வாரியப் பதிவு எல்லாம் அவர் இல்லாமலே இங்கே நடந்தன. காப்பி பறிக்கிறவர் குடகுக்குப் போனால் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார், உரிமையை இங்கே வைத்துவிட்டுப் போகிறார். மாநில வரி பற்றி நான் சொல்ல வந்தது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் அரிசியை எல்லை தாண்ட வைத்திருக்கிறது. அரிசிக்கு முடிந்தது சான்றிதழுக்கு ஏன் முடியாது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெளியூர் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சாதிச் சான்றை உங்கள் பூர்வீக வட்டத்திலேயே, இங்கே ஏற்காட்டிலேயே, போவதற்கு முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன ஊர் அலுவலகத்தில் அதை வாங்குவது கடினம். வண்டியைக் கொண்டுபோனால் ஓராண்டுக்குள் தடையில்லாச் சான்று வாங்குங்கள். சம்பளச் சீட்டில் தொழில் வரி இரண்டு முறை பிடித்திருந்தால் எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு என்று கேளுங்கள்.

அவையில் இருக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ மாநில அரசாலும் முடியாது, நீதிமன்றத்தாலும் முடியாது. 342-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்த்தது, ஆகவே முடியாத காரியம் அல்ல. மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அடைப்புக்குறியை எடுக்கச் சொல்லி அங்கே ஒரு மசோதா கொண்டுவாருங்கள்.